ஷெவெல் எஸ்எஸ்: இந்த பழைய அமெரிக்க மசில் கார் மீது இன்னும் ஏன் இவ்வளவு மோகம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷெவர்லே ஷெவெல், 1964 முதல் 1977 வரை விற்ற அமெரிக்க நடுத்தர அளவு கார். அதன் 'எஸ்எஸ்' (சூப்பர் ஸ்போர்ட்) வகை, குறிப்பாக 1970-இல் வந்தது, இன்றைக்கும் ஏலத்தில் நிற்கும்போது கூட்டம் கூடுகிறது. பழைய கார்களில் ஆர்வம் உள்ளவர்கள் இந்தக் காரைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

மசில் கார் என்றால் என்ன? மஸ்டாங், கமாரோ எல்லாம் அதில் சேராதா?

பொதுப் பேச்சில் எல்லாவற்றையும் மசில் கார் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்துப் பிரிவு வேறு. மஸ்டாங், கமாரோ போன்றவை சிறிய, இளைஞர்களுக்கென்றே வரையப்பட்ட 'போனி' கார்கள். மசில் கார் என்பது குடும்பத்துக்கான நடுத்தர அளவு காரை எடுத்து, அதே கம்பெனியின் பெரிய கார்களுக்கான எஞ்சினை அதில் பொருத்தியது. பின் சீட்டில் மூன்று பேர் உட்காரலாம், டிக்கியில் ஒரு வாரத்து மளிகை வைக்கலாம். விலையும் மாதச் சம்பளக்காரர் தவணையில் கட்டக்கூடிய விலை. 1966-இல் ஷெவெல் எஸ்எஸ் 396-இன் (396 என்பது கன அங்குலத்தில் எஞ்சினின் கொள்ளளவு) அடிப்படை விலை 2,800 டாலருக்கும் கீழே.

நடுத்தர அளவு என்பது அமெரிக்கக் கணக்கு. 1970 ஷெவெல் ஏறத்தாழ 5 மீட்டர் நீளம், எடை 1,700 கிலோவுக்கு மேல். நம் கண்ணுக்கு இது பெரிய கார்தான்.

இதைத் தொடங்கியது ஷெவர்லேவா?

இல்லை, பான்டியாக். இரண்டுமே ஜெனரல் மோட்டார்ஸின் பிரிவுகள் என்பதால் கதை ஒன்றோடொன்று பின்னியது.

1963 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிரிவுகள் எதுவும் கார் பந்தயத்தில் ஈடுபடக் கூடாது என்று தடை போட்டது. பந்தய வெற்றியை வைத்தே பெயர் வாங்கியிருந்த பான்டியாக்குக்கு இது பெரிய அடி. அங்கே தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய ஆட்களும் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள்: நடுத்தர டெம்பஸ்ட் காரில் வரும் 326 கன அங்குல எஞ்சினும், பெரிய கார்களில் வரும் 389-உம் வெளி அளவில் ஒன்றே. அதே மவுண்ட்டில் அப்படியே உட்காரும். ஆனால் நடுத்தர காருக்கு 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் கூடாது என்று தலைமை அலுவலகத்தின் இன்னொரு விதி இருந்தது. அந்த விதி புதிய மாடல்களுக்குத்தான், விருப்பத் தேர்வாக விற்கும் பாகங்களுக்கு இல்லை என்று எடுத்துக்கொண்டு, 1964 டெம்பஸ்ட் லெமான்ஸில் 'ஜிடிஓ' என்ற பெயரில் 295 டாலர் கூடுதல் தொகுப்பாக அதை விற்றார்கள். பான்டியாக் தலைவர் பீட் எஸ்டஸ் 5,000 கார் வரை என்று ஒப்புக்கொண்டார். அந்த ஒரே ஆண்டில் 32,450 விற்றது.

அதற்குப் பிறகு யாரும் கை கட்டி நிற்கவில்லை. ஓல்ட்ஸ்மொபைல் 442, பியூக் கிரான் ஸ்போர்ட், பிளிமத் ரோட் ரன்னர் என்று வரிசையாக வந்தன. ஷெவர்லே தரப்பில் வந்தது ஷெவெல் எஸ்எஸ்.

ஷெவெல் எப்படி வளர்ந்தது?

1964-இல் அறிமுகமானபோது எஸ்எஸ் என்பது பெரும்பாலும் அலங்காரம்: வேறு சீட், வேறு சக்கர மூடி, பேட்ஜ். முதல் வருடம் 283, பிறகு 327 கன அங்குல வி8. 1965-இல் 'இசட்16' என்ற குறியீட்டில் 396 கன அங்குல, 375 குதிரைத்திறன் எஞ்சினோடு 201 கார்களை மட்டும் செய்தார்கள். அது ஒரு சோதனை. 1966-இல் கதவு முழுசாகத் திறந்தது: எஸ்எஸ் 396 என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் ஷோரூமில் வாங்கலாம். அந்த ஆண்டு 72 ஆயிரத்துக்கு மேல் விற்றது.

1968-இல் உடலமைப்பு முழுதாக மாறியது. இரண்டு கதவு வகையின் சக்கர இடைவெளி 115-இலிருந்து 112 அங்குலமாகக் குறைந்தது. நீண்ட பானெட், குட்டையான பின்பக்கம் என்று இன்று நாம் கண்ணை மூடினாலும் தெரியும் அந்த வடிவம் அப்போது பிறந்ததுதான்.

இடையில் ஜெனரல் மோட்டார்ஸின் வரம்பு 400 கன அங்குலமாக உயர்ந்திருந்தது. அதையும் தாண்ட ஒரு வழி இருந்தது: போலீஸ் வண்டி, டாக்ஸி போன்ற மொத்த ஆர்டர்களுக்கான 'கோப்போ' என்ற உள் ஆர்டர் முறை. பென்சில்வேனியாவில் கேனன்ஸ்பர்க் ஊரில் டீலராக இருந்த டான் யென்கோ போன்றவர்கள் அந்த வழியில் 1969-இல் 427 கன அங்குல எஞ்சின் போட்ட ஷெவெல்களை ஆலையிலிருந்தே வரவழைத்தார்கள்.

1970 மாடலை மட்டும் ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

அந்த வருடம்தான் 400 கன அங்குல வரம்பை நிர்வாகம் எடுத்தது. உடனே எல்லாப் பிரிவுகளும் கையில் இருந்த மிகப் பெரிய எஞ்சினைத் தூக்கி நடுத்தர காரில் வைத்தன. பான்டியாக், பியூக், ஓல்ட்ஸ்மொபைல் மூன்றிலும் 455 கன அங்குலம். ஷெவெல்லுக்கு 454, அதாவது 7.4 லிட்டர்.

இந்த 454 இரண்டு விதமாக வந்தது. 'எல்எஸ்5' 360 குதிரைத்திறன். 'எல்எஸ்6' 450. இரண்டுக்கும் பெயர் ஒன்றுபோல இருந்தாலும் குணம் வேறு. எல்எஸ்5-இல் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட் (வால்வைத் தூக்கும் பாகம்), குவாட்ராஜெட் கார்புரேட்டர்; அன்றாடம் ஓட்டுவதற்கு ஏற்றது. எல்எஸ்6-இல் சாலிட் டேப்பெட், அலுமினிய இன்டேக், பெரிய ஹோலி கார்புரேட்டர், 11.25-க்கு 1 கம்ப்ரெஷன். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து அவ்வப்போது டேப்பெட் அட்ஜஸ்ட் செய்ய வேண்டிய எஞ்சின் இது. ஐடிலில் நின்றாலே அந்த டேப்பெட் 'டிக் டிக்' என்று கேட்கும். உண்மையான எல்எஸ்6-ஐக் கேட்டுக் காது பழகியவர்கள் அந்தச் சத்தத்தை வைத்தே அடையாளம் சொல்லிவிடுவார்கள்.

450 என்பது அந்தக் காலத்து மசில் கார்களில் கம்பெனியே அச்சடித்துக் கொடுத்த மிக உயர்ந்த எண். கிரைஸ்லரின் புகழ்பெற்ற 426 ஹெமி எஞ்சினுக்கே 425 என்றுதான் போட்டிருந்தார்கள். எல்எஸ்6 போட்ட ஷெவெல்கள் நாலாயிரத்துச் சொச்சம்தான் ஆலையை விட்டு வந்தன. கால் மைல் தூரத்தை 13 விநாடி சொச்சத்தில் கடக்கும் ஒரு காரை, பின்சீட்டோடு, டிக்கியோடு, வாரண்டியோடு வாங்க முடிந்தது என்பதை இன்று நினைத்தாலும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

பானெட்டின் பின்பக்கம் திறக்கும் அந்தச் சின்னக் கதவு எதற்கு?

அதற்குப் பெயர் 'கௌல் இண்டக்ஷன்'. இந்தக் காரில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கார் ஓடும்போது காற்று பானெட் மேல் வழுக்கி வந்து முன்கண்ணாடியின் அடியில் மோதித் தேங்கும். அங்கே காற்றழுத்தம் கூடுதல். அந்த இடத்தைப் பார்த்தபடி, பானெட்டின் மேட்டில், ஓட்டுநரை நோக்கித் திறக்கிற மாதிரி ஒரு கதவு வைத்தார்கள். சாதாரணமாக ஓட்டும்போது எஞ்சினின் வேக்குவம் அதை மூடி வைத்திருக்கும். ஆக்சிலரேட்டரை ஒரே மிதியாக மிதித்தால் வேக்குவம் விழும், கதவு எழும்பும், அடியில் இருக்கும் ஏர் கிளீனருக்குள் வெளியிலிருந்து குளிர்ந்த காற்று நேராக இறங்கும். எஞ்சின் அறைக்குள் இருக்கும் சூடான காற்றை விட இது அடர்த்தி கூடியது. அதனால் எரியும் பெட்ரோலும் கூடுதல்.

இதில் கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. ஒரு ரப்பர் குழாய், ஒரு வேக்குவம் டப்பா, ஒரு கீல், அவ்வளவுதான். சீட்டில் உட்கார்ந்தபடியே தன் கால் அழுத்தம் பானெட்டில் கதவாக எழுவதை ஓட்டுபவர் பார்க்கிறார். எஞ்சினுக்கும் மனுஷனுக்கும் நடுவில் மறைவு எதுவும் இல்லை. இந்தக் காரின் கவர்ச்சி முழுவதையும் ஒரே பாகத்தில் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

450 குதிரைத்திறன் என்பது உண்மையா? இன்றைய கார்களோடு ஒப்பிடலாமா?

அப்படியே ஒப்பிடக் கூடாது. அன்றைக்கு எஞ்சினைத் தனியாக ஸ்டாண்டில் வைத்து, ஏர் கிளீனர், முழு சைலன்சர், ஆல்டர்னேட்டர் சுமை எதுவும் இல்லாமல் அளந்தார்கள். அது 'கிராஸ்' அளவு. காரில் பொருத்தியபடி அளப்பது 'நெட்'. 1971-இல் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டையும் வெளியிட்டது: அந்த ஆண்டு எல்எஸ்5-க்கு கிராஸ் 365, நெட் 285. ஒரே எஞ்சின், இரண்டு எண். 1972-இல் நெட் மட்டும் 270 என்று வந்ததும் எஞ்சினைக் கழுத்தை நெரித்துவிட்டார்கள் என்று பலர் நினைத்தார்கள். சரிவில் பெரும்பகுதி அளக்கும் முறையில் வந்த மாற்றம்.

ஆனாலும் டார்க் (முறுக்கு விசை) விஷயத்தில் இந்த எஞ்சின் குறைந்தது இல்லை. எல்எஸ்6 வெறும் 3,600 சுற்றில் 500 பவுண்டு-அடி, அதாவது ஏறத்தாழ 680 நியூட்டன் மீட்டர் தரும் என்று குறித்திருந்தார்கள். அதுவும் கிராஸ் அளவுதான். கியர் மாற்றாமலே மேலே இழுக்கிற அந்த இழுப்பை எண்ணில் சொல்லிப் புரிய வைக்க முடியாது.

ஓட்டினால் எப்படி இருக்கும்?

நேர் சாலையில் அற்புதம். வளைவில் பொறுமை வேண்டும்.

முன்பக்கம் இரும்பு எஞ்சினின் பாரம் அப்படியே தெரியும். ஸ்டீயரிங் லேசாகத்தான் இருக்கும், ஆனால் சக்கரம் என்ன செய்கிறது என்ற சேதி கைக்கு வராது. ரேடியலுக்கு முந்தைய பயாஸ் டயர் இன்னமும் இருந்தால் சாலையின் கோடு, பள்ளம் எல்லாவற்றையும் தேடிப் பிடித்துக்கொண்டு போகும். பின் பிரேக் டிரம். 1966 காரில் முன்னும் டிரம்தான். மலைச்சரிவில் இரண்டு மூன்று முறை அழுத்தினால் சூடேறிப் பிடிமானம் குறையும். 1970 எஸ்எஸ்ஸில் முன்பக்கம் டிஸ்க் பிரேக் வந்துவிட்டது என்பது பெரிய ஆறுதல்.

மைலேஜ் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் அளவில். தினசரி ஆபீஸ் போக இது வேண்டாம்.

பிறகு ஏன் நின்றுபோனது?

எண்ணெய் நெருக்கடிதான் கொன்றது என்று பலரும் சொல்வார்கள். அது 1973 அக்டோபரில் வந்தது. அதற்கு முன்பே இந்தக் கார்களின் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது.

முதல் அடி இன்ஷூரன்ஸ். இளைஞர்கள் பெரிய எஞ்சின் காரை வாங்கினால் கம்பெனிகள் பிரீமியத்தை ஏற்றின. சிலருக்கு மாதத் தவணைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அடுத்தது 1970-இன் சுத்தக் காற்றுச் சட்டம். ஈயம் இல்லாத பெட்ரோல் வரப்போகிறது என்று தெரிந்து, 1971 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் எஞ்சின்கள் எல்லாவற்றிலும் கம்ப்ரெஷனைக் குறைத்தது. 1973-உடன் ஷெவெல் எஸ்எஸ் முடிந்தது, 1977-உடன் ஷெவெல் என்ற பெயரும் போனது.

அப்படியென்றால் இன்னும் ஏன் விரும்புகிறார்கள்? வெறும் பழைய ஞாபகமா?

ஞாபகம் ஒரு பங்கு. அன்று இருபது வயதில் வாங்க முடியாதவர்கள் ஐம்பது வயதில் வாங்கினார்கள். ஆனால் இந்தக் கார் விற்ற காலத்தில் பிறந்தே இராதவர்களும் இன்று ராத்திரி முழுக்க கேரேஜில் இதன் அடியில் படுத்துக் கிடக்கிறார்களே, அதற்கு ஞாபகம் காரணமாக இருக்க முடியாது.

என் கணக்கில் காரணம், இது சாதாரணக் காராகப் பிறந்தது என்பதுதான். ஷெவெல்லின் சாதாரண வகையாக லட்சக்கணக்கில் விற்ற மாலிபுவின் அதே கதவு, அதே சேசிஸ், அதே கண்ணாடி. அதனால் பாகம் கிடைக்கிறது. கிடைக்காததைப் புதிதாக அடிக்கிறார்கள்: ஃபெண்டர், தரைத் தகடு, டேஷ்போர்டு, சீட் துணி, எழுத்து பேட்ஜ் வரை புதிதாக வாங்கலாம். பானெட்டைத் திறந்தால் எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் கை விட இடம் இருக்கிறது. ஸ்பேனர் செட், டைமிங் லைட், ஒரு மேனுவல், கொஞ்சம் பொறுமை இருந்தால் எந்தக் கோளாறையும் வீட்டு வாசலில் கண்டுபிடிக்கலாம். பாயிண்ட் தேய்ந்ததா, சோக் ஒட்டிக்கொண்டதா, ஃப்ளோட் மூழ்கியதா என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம்.

பணக்காரர்களுக்கென்று கையால் செய்த இத்தாலியக் கார்களைப் பார்த்து ரசிக்கலாம். ஷெவெல்லைக் கழற்றி மாட்டலாம். தன் கையால் ஓட வைத்த ஒன்றை யாரும் எளிதில் விட்டுவிட மாட்டார்கள்.

அசல் எஸ்எஸ்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பணம் போகிற இடம் இது, கவனமாகப் படியுங்கள்.

1966 முதல் 1968 வரை எளிது. சேசிஸ் நம்பர் 138 என்று தொடங்கினால் எஸ்எஸ் 396. 1969-இல் எஸ்எஸ் தனி மாடலாக இல்லாமல் விருப்பத் தொகுப்பாக மாறியது; அதனால் 1970 எஸ்எஸ்ஸின் நம்பரும் சாதாரண வி8 மாலிபு கூபேயின் நம்பரும் ஒன்றுபோல 13637 என்றே தொடங்கும். நம்பரைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. 1972-இல் நம்பருக்குள் எஞ்சினுக்கென ஓர் எழுத்து வந்ததால் அந்த வருடம் எந்த எஞ்சினோடு பிறந்த கார் என்பதையாவது நம்பரிலேயே பார்க்கலாம்.

1970-க்கு முக்கியச் சான்று பில்ட் ஷீட். ஆலையில் ஒவ்வொரு காருக்கும் அச்சடித்த காகிதம். பெட்ரோல் டேங்கின் மேலும் சீட் ஸ்பிரிங்குகளுக்குள்ளும் மடிந்து கிடப்பது உண்டு. பழுப்பேறி, எலி கடித்து, பாதி எழுத்து போயிருந்தாலும் அது தங்கம்.

அடுத்தது எஞ்சின். வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் பிளாக்கில் ஒரு தட்டையான பட்டை இருக்கும். துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். 'டி' என்ற எழுத்தில் தொடங்கினால் நியூயார்க் மாநிலத்து டோனவாண்டா ஆலை. பிறகு மாதம், தேதி, கடைசியில் மூன்று எழுத்துக் குறி. 'சிஆர்வி' என்றால் நாலு கியர் எல்எஸ்6, 'சிஆர்ஆர்' என்றால் ஆட்டோமேட்டிக் எல்எஸ்6. பக்கத்தில் காரின் நம்பரின் ஒரு பகுதியும் அடித்திருக்கும். எழுத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். ஆலையில் இழைத்த பட்டையில் மெல்லிய இணைகோடுகள் தெரியும். பட்டை கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்து எழுத்து மட்டும் புதிதாக இருந்தால், யாரோ இழைத்துவிட்டு மறுபடி அடித்திருக்கலாம்.

கனடாவில் முதலில் விற்ற காராக இருந்தால் ஜெனரல் மோட்டார்ஸின் கனடா பிரிவு பழைய பதிவேட்டிலிருந்து ஆவணம் தரும். அமெரிக்காவில் விற்ற ஷெவெல்லுக்கு அந்த வசதி இல்லை. காகிதம் எதுவும் இல்லாமல் "எல்எஸ்6 சார், நம்புங்க" என்றால் மாலிபு விலை மட்டும் பேசுங்கள்.

துரு எங்கே பிடிக்கும்?

பின் கண்ணாடியின் கீழ் விளிம்பு, டிக்கித் தரை, பின் சக்கரத்துக்கு மேலும் பின்னாலும் உள்ள தகடு, ஓட்டுநர் காலடி, பின் சக்கரத்தை ஒட்டி வளையும் சேசிஸ் பகுதி. காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். ஒட்டாத இடத்தில் உள்ளே பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பெயிண்டைப் பார்த்து மயங்காமல் அடியில் படுத்துப் பாருங்கள். டிங்கரிங் செலவு எஞ்சின் செலவைத் தாண்டிவிடும்.

இன்றைய பெட்ரோலில் ஓடுமா?

ஓடும், சில ஏற்பாடுகளோடு. எல்எஸ்6 அன்றைய ஈயம் கலந்த உயர்ரக பெட்ரோலுக்காகச் செய்தது. இன்றைய பங்க் பெட்ரோலில் அது 'நாக்' அடிக்கும், அதாவது பெட்ரோல் தாறுமாறாக எரிந்து எஞ்சின் தட்டும். இக்னிஷன் டைமிங்கைப் பின்தள்ளுவது, எஞ்சினைப் பிரிக்கும்போது பிஸ்டனை மாற்றிக் கம்ப்ரெஷனைக் குறைப்பது, ரேஸ் பெட்ரோல் கலப்பது என்று வழிகள் உண்டு. ஹெட்டைக் கழற்றும்போதே கடினமான வால்வு சீட் போட்டுவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை இளக்கும். எல்லாவற்றையும் புதிதாக மாற்றாமல் நீண்ட பயணம் போகாதீர்கள்.

நவீன எஞ்சின் மாற்றுவது தவறா?

காரைப் பொறுத்தது. அசல் எஞ்சினும் காகிதமும் உள்ள எஸ்எஸ்ஸில் கை வைக்காதீர்கள். அப்படிப்பட்டது இனி புதிதாக வரப்போவதில்லை. ஆனால் எஞ்சின் எப்போதோ தொலைந்த மாலிபுவில் இன்றைய அலுமினிய வி8-உம் நல்ல பிரேக்கும் போட்டு ஊர் ஊராக ஓட்டுபவரை நான் மனதாரப் பாராட்டுவேன். ஒரு பெயர்க் குழப்பம் மட்டும் கவனிக்க: 2001-இல் கார்வெட்டுக்கு வந்த 5.7 லிட்டர் எஞ்சினுக்கும் எல்எஸ்6 என்றே பெயர். விளம்பரத்தில் "எல்எஸ்6 ஷெவெல்" என்று பார்த்தால் எந்த எல்எஸ்6 என்று முதலில் கேளுங்கள்.

எஸ்எஸ் வாங்கக் கட்டாது. வேறு எதைப் பார்க்கலாம்?

1971, 1972 மாலிபு கூபே. முன்பக்கம் நாலு விளக்குக்குப் பதிலாக இரண்டு. அதனால் சிலருக்குப் பிடிக்காது, விலையும் குறைவு. 350 கன அங்குல எஞ்சினோடு கிடைத்தால் எடை குறைவு என்பதால் வளைவில் 454-ஐ விட நன்றாகவே திரும்பும். பாகமும் மலிவு. நாலு கதவு வகை இன்னும் விலை குறைவு, ஆனால் கதவு, பின் கண்ணாடி போன்றவற்றைப் புதிதாகச் செய்வோர் அதிகம் இல்லை. எனவே நாலு கதவு வாங்கினால் துரு இல்லாததாகவும், கண்ணாடியும் குரோம் பட்டிகளும் முழுசாக உள்ளதாகவும் பார்த்து வாங்குங்கள். எஞ்சினைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அது எங்கேயும் கிடைக்கும்.